எட்டு மணி மாத்திரை

மே 3

இது இல்லத்து நோட்டு. முன்னாடி பக்கமெல்லாம் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயித்தால போச்சு, யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்னு என் கையெழுத்துதான் கெடக்கு. பின்னாடி அறுபது பக்கம் வெறுசா இருக்கு. எழுதுறதுக்கு இனிமே பிள்ளைகளும் இல்ல, இல்லமும் இல்ல. மே முப்பத்தொண்ணோட பூட்டுதாங்க. அந்த அறுபது பக்கத்தை நானே எழுதித் தீத்தா யாரு கேக்கப் போறா?

தங்கபுஷ்பம், வயசு அம்பத்தாறு. இந்தச் செவ்வந்தி இல்லத்துக்கு இருவத்திரண்டு வருஷமா வார்டன். எச்ஐவியோட பொறந்த பிள்ளைகளை வளக்குற இல்லம். ஒரு பிள்ளையும் என்னை வார்டன்னு கூப்பிட்டதில்ல. எல்லாத்துக்கும் நான் சித்தி.

இப்பல்லாம் தாய்க்கு மருந்து குடுத்துப் பிள்ளைக்கு வராமலே தடுத்துருதாங்க. வந்த பிள்ளைகளும் சொந்தக்காரங்க வீட்டுலதான் வளரணுமாம். கடைசி நாலு பேரும் மார்ச்சுல போயாச்சு. நல்ல சேதிதான். நல்ல சேதிக்கு இந்த அழுகை எதுக்கு வருதுன்னுதான் தெரியலை.

மே 4

ஸ்டோர் ரூமைக் காலி பண்ணுனேன். எவர்சில்வர் தட்டு முப்பத்தெட்டு. ஒவ்வொண்ணுலயும் பேரு வெட்டியிருக்கு. ரெண்டு தட்டை மட்டும் என் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டேன். யாரோட தட்டுன்னு இங்க எழுத மாட்டேன்.

மே 6

ஆஸ்பத்திரியில இருந்து ஆலோசகர் ஜெனிபா மேடம் போன். "இசக்கியோட ரிசல்ட் வந்திருக்கு சித்தி, கொஞ்சம் உக்காந்துக்கிட்டுக் கேளுங்க"ன்னாங்க. நான் நின்னுக்கிட்டேதான் கேட்டேன்.

இசக்கி நாலு வயசுல வந்தவ. இப்ப பத்தொம்பது. மருந்தாளுநர் படிப்பு, மொத வருஷம் முடிஞ்சிருக்கு, காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு உண்டு. தினம் ஒரு மாத்திரையை ஒழுங்காத் தின்னா எண்ணவே முடியாது, அவ்வளவு கம்மியா அடங்கிக் கெடக்கும். பதினஞ்சு வருஷமா இவளுக்கு அப்படித்தான் இருந்துச்சு. இப்ப நாப்பத்தெட்டாயிரமாம்.

இனி மூணு மாசம் ஒரு நாள் விடாமத் தின்னுட்டு ஆகஸ்ட்ல திரும்பப் பாக்கணும். இறங்கினா தப்பிச்சோம். இறங்கலைன்னா மாத்திரை அவ உடம்புல பலிக்கலைன்னு அர்த்தம், வேற மருந்துக்கு மாத்தணும். "அதுவும் பலிக்கலைன்னா?"ன்னேன். மேடம், "மொதல்ல மூணு மாசம் பாப்போம் சித்தி"ன்னுட்டு வச்சுட்டாங்க.

மருந்துக்குப் படிக்கிற கழுதை மருந்து திங்கலை. எல்லாம் அந்தச் செல்போன் பண்ணுற வேலை. வரட்டும்.

மே 8

இசக்கி வந்துட்டா. வாசல்ல பாத்ததும் பெருக்கிக்கிட்டு இருந்த வாரியலைக் கீழ போட்டுட்டேன். கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்கி. நாக்குல வெள்ளையாப் புண்ணு.

"என்னட்டி இது கோலம்?"

"ஹாஸ்டல் சாப்பாடு, சித்தி."

"ஹாஸ்டல் சாப்பாட்டுல கிருமி ஏறுமாட்டி? எனக்கே கதை சொல்லுதியா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ராத்திரி எட்டு மணிக்கு என் கண்ணு முன்னாலயே மாத்திரையைத் தின்ன வச்சேன். வாயைத் தொறந்து காமின்னேன், மொத வகுப்புப் பிள்ளைகிட்டச் சொல்லுத மாதிரி. காமிச்சா.

மே 9

அவ நாக்குப் புண்ணுக்காகக் காரம் போடாம ரசம் வச்சேன்.

மே 11

இன்னைக்கு நாள் பூரா பழைய நெனப்பு. பெரிய ஹால்ல நானும் அவளும் மட்டும். குக்கர் விசில் கூட எதிரொலிக்கி.

எட்டு மணின்னா இந்த ஹால் கல்யாண வீடுதான். மணியடிச்சதும் முப்பது பிள்ளைகளும் டம்ளரோட வரிசையில நிக்கும். சின்னதுகளுக்கு மருந்தைத் தண்ணியில கரைச்சுக் குடுக்கணும், வாயில வச்சதும் துப்பும். துப்பாமக் குடிச்சா ஒரு கருப்பட்டி மிட்டாய். அந்த மிட்டாய்க்காகத் தன் மருந்தைக் குடிச்சுட்டு அடுத்தவன் மருந்துக்கும் போட்டி போடுங்க. இசக்கி வந்த புதுசுல மூணு நாள் வாயே தொறக்கலை. நாலாம் நாள் ஒரே மொடக்குல குடிச்சுட்டு, மிட்டாயை வாங்கி என் வாயில வச்சா. "நீயும் தின்னு, உனக்கும் கசக்கும்லா"ன்னா. எனக்கு எதுக்குட்டி கசக்கப் போவுதுன்னு சிரிச்சேன்.

அதுக்கும் முந்தி, நான் இங்க சேந்த மொத மூணு வருஷத்தை நெனச்சுப் பாக்கவே மாட்டேன். பிள்ளைகளுக்குன்னு மருந்து கைக்கு வராத காலம். வெறும் கஞ்சியையும் சாமியையும் வச்சு ஓட்டுன காலம். ஒம்பது பேரு போச்சு. ஒவ்வொண்ணையும் குளிப்பாட்டினது நான்தான், வேற யாரும் தொட வரலை. மொதமொத மருந்து டப்பா வந்தன்னைக்கு அதுக்குப் பொட்டு வச்சுக் கும்பிட்டேன். டாக்டர் சிரிச்சாரு. சிரிச்சுட்டுப் போறாரு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது? கையில மாத்திரை கெடக்கு, திங்க வலிக்கி!

மே 14

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேடம் கேட்ட எல்லாத்துக்கும் இசக்கி "மறந்துட்டேன்"ன்னே சொன்னா. இத்தன வருஷம் மறக்காதவளுக்கு ஹாஸ்டல் போனதும் என்ன மறதி? வெளிய வந்து டீ வாங்கிக் குடுத்தேன். டீயை ஊதிக்கிட்டே, "ஜெபக்கனி அக்கா இப்ப எங்க இருக்காங்க சித்தி?"ன்னு கேட்டா. கோயமுத்தூர்ல, ரெண்டு பிள்ளைன்னேன். எதுக்குக் கேக்கான்னு புரியலை.

ஜெபக்கனி இங்க வளந்த பிள்ளை, அவ கதையை எல்லாருக்கும் நான் சொல்லியிருக்கேன். அப்ப அவளுக்கு ஏழு வயசு, அந்தக் காலத்துல காலை எட்டு, ராத்திரி எட்டுன்னு ரெண்டு வேளை மாத்திரை. பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா ஒத்திகை, காலையில ஏழரைக்கே போகணும். எட்டு மணி மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் குடுத்துவிட்டேன். அவ எட்டு மணிக்கு, பிள்ளைக நடுவுல, பானைத் தண்ணியை மோந்து தின்னிருக்கா. பக்கத்துல இருந்தவ என்னதுன்னு கேட்டிருக்கா. இவ பெருமையா, "எச்ஐவி மாத்திரை, கசக்கவே செய்யாது"ன்னிருக்கா.

சாயந்தரம் பள்ளிக்கூட வாசல்ல ஊரே நின்னுச்சு. மறுநாள் எங்க பிள்ளைக பதினோரு பேரும் பையோட வெளிய. ரெண்டு வருஷம் இந்த ஹால்ல வச்சு நான்தான் அதுகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேன்.

அன்னைக்குத்தான் சட்டம் போட்டேன். எட்டு மணி தவறக்கூடாது. நாலு பேர் பாக்கத் தின்னக்கூடாது. வெளிய படிக்கப் போற ஒவ்வொருத்திக்கும் டப்பாவுல லேபிளைச் சுரண்டிக் குடுப்பேன். கிலுகிலுன்னு சத்தம் கேக்காம இருக்க உள்ள பஞ்சு வச்சுக் குடுப்பேன். யாரும் கேட்டா தைராய்டுன்னு சொல்லுன்னு பழக்கி விடுவேன். இந்தச் சட்டத்தாலதான் எத்தனையோ பேரு படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிருக்கு.

மே 17

துணி மடிச்சுக்கிட்டு இருக்கும்போது அவளே சொன்னா.

ரூம்ல ஆறு பேராம். எட்டு மணிக்கு எல்லாரும் ரூம்லதான் இருப்பாங்களாம். மொதல்ல பாத்ரூம்ல போய்த் தின்னிருக்கா. தினம் எட்டு மணிக்குப் பாத்ரூம் போறாளேன்னு பக்கத்துக் கட்டில் வினோதினி கேலி பண்ணிருக்கா, எந்தப் பயகிட்டப் போன் பேசுதன்னு. ஒரு நாள் பின்னாடியே வந்து கதவைத் தட்டியிருக்கா. அன்னையில இருந்து யாரும் இல்லாத நாள்ல மட்டும் தின்னிருக்கா. வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள்.

எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு சேலையைச் சுருட்டி எறிஞ்சேன். "உயிர் போற காரியம்னு தெரியாதாட்டி உனக்கு? என் பேச்சைக் கேக்காம இப்படிப் பண்ணிட்டியே!"

நான் எறிஞ்ச சேலையை அவ எடுத்து மடிச்சுக்கிட்டே சொன்னா. "மாத்திரையைத்தான் சித்தி விட்டேன். உங்க பேச்சை ஒரு நாளும் விடலை. நாலு பேர் பாக்க நான் தின்னதே இல்ல."

மே 18

பீரோவைத் துடைச்சேன். ஜன்னலைத் துடைச்சேன்.

மே 24

எங்க அண்ணன் போன் பண்ணுச்சு. "ஏ புஷ்பம், மாடியில உனக்கு ரூமு வெள்ளையடிச்சாச்சு, எப்பம் வார?"ன்னு. ரெண்டாம் வருஷ வகுப்பு தொடங்க ஆகஸ்ட் கடைசி ஆயிரும், அதுவரை இசக்கிக்குப் போக்கிடம் இல்ல. கூட ஒரு பிள்ளை வருதுன்னேன். "தாராளமா கூட்டிட்டு வா, அநாதைப் பிள்ளைக்குச் சோறு போட்டா புண்ணியம்"னுச்சு.

ஆமா, அண்ணனுக்கு இது சும்மா அநாதை இல்லம். அப்படித்தான் சொல்லிவச்சிருக்கேன். அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க. எதுக்குச் சொல்லணும்?

மே 31

பூட்டினேன். சாவியைக் குடுத்தேன். இசக்கி சுவத்துல கை வச்சுக்கிட்டே கேட்டு வரைக்கும் வந்தா. பஸ்ஸுல ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கலை.

ஜூன் 10

அண்ணன் வீட்டுல நல்லாப் பாத்துக்கிடுதாங்க. மதினி செண்பகத்துக்கு வாய்தான் காரம், கையெல்லாம் இனிப்பு. இசக்கிக்கு முட்டை, சுண்டல்னு திணிக்கா. "என்ன பிள்ளை இது, ஒட்டடைக் கம்பு மாதிரி"ன்னு அவளை வம்புக்கு இழுக்கா. இவளும் சிரிக்கா. நாக்குப் புண்ணு ஆறிட்டு.

எட்டு மணிக்கு எல்லாரும் சாப்பிட உக்காருவாங்க. நான் கண்ணைக் காமிப்பேன். இசக்கி மாடிக்குப் போய்த் தின்னுட்டு வருவா. ஒரு நாள் தவறலை. காலண்டர்ல பென்சில் புள்ளி வச்சுட்டு வாரேன்.

ஜூன் 22

அண்ணன் மக மாசமா இருக்கா. வளைகாப்புக்கு நாள் குறிக்க நேத்து சாயந்தரம் அவ மாமியார் வீட்டாளுக ஆறு பேரு வந்தாங்க. மாடி ரூமை அந்தப் பொம்பளைகளுக்கு ஒழிச்சுக் குடுத்தோம். இசக்கி பையும் அதுக்குள்ளதான்.

எட்டு மணிக்கு இசக்கி எழுந்து மாடிக்குப் போனா, நானும் பின்னாலயே போனேன். அந்த மாமியார்க்காரி கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு, வாசலைப் பாத்து உக்காந்திருக்கா. இசக்கி என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன், இப்ப வேண்டாம்னு. கீழ வந்து உக்காந்துட்டா. அவங்க சாப்பிட்டு, பேசி, அங்கயே படுத்துட்டாங்க. இசக்கி ஹால்ல பாயைப் போட்டுச் சுவரைப் பாத்துப் படுத்தா. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்.

காலையில அவங்க போனப்புறம், "நேத்து விட்டுப்போச்சு சித்தி"ன்னா. குறையாக்கூடச் சொல்லலை. பால் வரலைன்னு சொல்லுத மாதிரி சொன்னா.

காலண்டர்ல நேத்தைய கட்டத்துல புள்ளி இல்ல. பாத்துக்கிட்டே இருக்கேன். ஹாஸ்டல்ல வினோதினி கதவைத் தட்டினா. இங்க யாரு தட்டினா? யாரும் தட்டலையே. நான்தான் தலையை ஆட்டினேன். என் கண்ணு முன்னால, என் உத்தரவுல, பிள்ளை மருந்தை விட்டுருக்கு. ஒம்பது பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்பினவ நான். எனக்கு எந்தப் புத்தியில அந்தத் தலை ஆடுச்சு?

ஜூன் 23

இசக்கிகிட்டத்தான் மொதல்ல கேட்டேன். "உன் விஷயம்ட்டி. அண்ணன்கிட்டச் சொல்லட்டுமா?"

"தொரத்திட்டாங்கன்னா?"

"ரெண்டு பேருமாப் போவோம். எங்கயாவது ஒரு ரூமு கெடைக்காதா?"

"சொல்லுங்க. ஆனா நானும் இருப்பேன்"னா.

அண்ணனும் மதினியும் காபி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. சொன்னேன். இல்லத்தைப் பத்தி, இசக்கியைப் பத்தி, நான் மறைச்சதைப் பத்தி. தொட்டா வராது, சேந்து சாப்பிட்டா வராதுன்னு வாய் வலிக்கச் சொன்னேன். அண்ணன் தம்ளரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "இருவத்திரண்டு வருஷம் எங்கிட்ட மறைச்சியா புஷ்பம்?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

மதினிதான் குதிச்சா. "மாசமா இருக்குற பிள்ளை வந்து போற வீடு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா? நல்லா வாய்க்கு வாய் மதினி மதினின்னியே!" இசக்கி எழுந்து, குடிச்ச தம்ளரை அவளே கழுவப் போனா. "அதை வை அங்க!"ன்னு மதினி கத்தினா.

ஜூன் 25

மதினி எங்க ரெண்டு பேருகிட்டயும் பேசலை. அடுக்களைக்குள்ள இசக்கியை விடலை. மககிட்டப் போன்ல குசுகுசுன்னு பேசுதா. நான் துணியெல்லாம் எடுத்துப் பையில வச்சுட்டேன்.

ஜூன் 28

மக அவளோட டாக்டர்கிட்டக் கேட்டிருக்கா. நான் சொன்ன அதே பதிலைத்தான் டாக்டரம்மாவும் சொன்னாங்களாம். நான் சொன்னா வதந்தி, டாக்டர் சொன்னா வேதம். இருக்கட்டும்.

எட்டு மணிக்கு இசக்கி வழக்கம்போல மாடிப்படி ஏறினா. மதினி அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டு, அஞ்சு நாளுக்கப்புறம் வாயைத் தொறந்தா.

"ஏட்டி, எங்க ஓடுத? எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்க? நீ ஒளியிறதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா வருது. கொண்டா இங்க, உக்காந்து தின்னு."

இசக்கி டப்பாவைக் கீழ எடுத்துட்டு வந்தா. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சுத் தின்னா. அண்ணன் தண்ணிச் செம்பை அவ பக்கமாத் தள்ளுச்சு. நான் மோரை ஊத்துறேன்னு கீழ ஊத்திட்டு மதினிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஜூலை 15

மதினி முழுசா மாறிட்டான்னு சொன்னா அது பொய். இசக்கி காய் நறுக்கினா இன்னும் கத்தியைத்தான் பாக்கா. ஆனா எட்டு மணிக்கு எனக்கு முன்னால அவதான் சத்தம் போடுதா, தெருவுக்கே கேக்குற மாதிரி. நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். இசக்கி எடை நாலு கிலோ ஏறியிருக்கு.

ஆகஸ்ட் 11

ரத்தம் குடுத்தோம். ஒரு வாரம் ஆகுமாம். அந்த ஒரு நாள் விட்டதை மேடம்கிட்டச் சொன்னேன். யாரால விட்டுச்சுன்னும் சொன்னேன். மேடம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த ஒரு நாளால கெட்டுப் போகாது, ஆனா டெஸ்ட் வந்தாத்தான் உறுதின்னாங்க.

ஆகஸ்ட் 15

ஒண்ணும் ஓடலை. கோயிலுக்குப் போனேன். சும்மா சுத்திட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18

இறங்கிருச்சு!

எண்ண முடியாத அளவுக்கு இறங்கிருச்சு. மேடம் ஸ்பீக்கர் போன்ல சொல்லச் சொல்ல நான் "என்னது, என்னது"ன்னு நாலு தடவை கேட்டேன். மதினி அடுக்களையில இருந்து, "காது செவிடா, பிள்ளைக்குச் சரியாயிட்டுன்னு சொல்லுதாங்க!"ன்னு கத்திக்கிட்டே அழுதா. அண்ணன் கடைக்குப் போய் அல்வா வாங்கிட்டு வந்துச்சு. இசக்கி மட்டும் அல்வாவைத் தொடாம உக்காந்திருந்தா.

"சந்தோசமில்லையாட்டி?"

"இருக்கு சித்தி. அடுத்த வாரம் ஹாஸ்டல். அங்கயும் ஆறு பேருதான்."

ஆகஸ்ட் 24

"ரூம்ல சொல்லப் போறேன்"ன்னா. ஆண்டு விழா ஒத்திகையும் பள்ளிக்கூட வாசலும் கண்ணு முன்னால வந்து நிக்கி. வேண்டாம்ட்டி, தனி ரூமு பாப்போம், பஸ்ஸுல போயிட்டு வான்னெல்லாம் சொன்னேன். மேடத்துக்குப் போன் போட்டுக் குடுத்தேன். மேடம், "சொல்லுறதும் சொல்லாம இருக்குறதும் உன் இஷ்டம் இசக்கி, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. சித்தியும்தான்"னாங்க. என்னையும் சேத்தே சொன்னாங்க பாருங்க.

ஆகஸ்ட் 25

ஹாஸ்டல் ரெண்டாவது மாடி. பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனோம். ரூமுக்குள்ள அஞ்சு பிள்ளைக சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சித்தி, நீங்க வெளிய இருங்க"ன்னு கதவைச் சாத்திட்டா.

வராந்தாவுல ஒரு பெஞ்சு. உக்காந்தேன். மொதல்ல சிரிப்புச் சத்தம் நின்னுச்சு. கால் மணி நேரம் இருக்கும். கதவு தொறந்து ஒருத்தி விடுவிடுன்னு என்னைப் பாக்காம எறங்கிப் போனா. பின்னாலயே இன்னொருத்தி, தலகாணியோட. போச்சு, எல்லாம் போச்சுன்னு எழுந்துட்டேன். வாட்டி வீட்டுக்குப் போவோம்னு சொல்லத் தயாரா நின்னேன்.

இசக்கி வந்தா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு.

"ரெண்டு பேரு வேற ரூமு கேக்கப் போயிருக்காங்க சித்தி."

"மிச்சப் பேரு?"

"மூணு பேரு இருக்காங்க. வினோதினி அழுதா. கதவைத் தட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டா."

"இப்ப என்ன பண்ணுதாங்க?"

மூக்கைத் துடைச்சுக்கிட்டா. "ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியாயிட்டுல்லா. அது எனக்குத்தான்னு வினோதினி ஏறிப் படுத்துக்கிட்டா. எறங்க மாட்டேங்கா."

உள்ள இருந்து ஒரு பிள்ளை, "ஏ இசக்கி, நீ வாரியா இல்லையா?"ன்னு கூப்பிட்டுச்சு.

"இருங்க சித்தி, அந்தக் கட்டிலை நான்தான மொதல்ல கேட்டேன்"னு சொல்லிட்டு, என்னை அங்கனயே நிக்க விட்டுட்டு உள்ள ஓடிட்டா.